சாம்பல் வண்டியின் விரிசல்

மாமா,

பரணில் டிரில்லிங் மெஷினைத் தேடியபோது அந்தச் சின்னக் கைப்பம்பு அகப்பட்டது. டயருக்கு அடிப்பது அல்ல. ஷாக் அப்சார்பருக்குள் காற்று ஏற்றுகிற பம்பு, அடியில் மீட்டர் வைத்தது. குழாயின் மூடியைத் திருகியதும் எண்ணெய் வாடை குப்பென்று வந்தது. அப்படியே ஏணியில் உட்கார்ந்துவிட்டேன். தேடிய மெஷினை எடுக்கவே இல்லை.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்தவர், எழவில்லை. கேப்பர் மலையில் அன்றைக்கு நடந்ததைப் பற்றி உங்களிடம் பேச எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. நான் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கும் கடிதத்தைச் செத்தவருக்கு எழுதுவது சௌகரியமான வேலை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

மலை என்று பெயர்தான், செம்மண் மேடு. ஆனால் மழைநீர் அறுத்த ஓடைகள் முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்குள் சைக்கிளில் இறங்குவதுதான் நம் இருவருக்கும் பைத்தியம். கடையில் வாங்கிய டபுள் ஷாக் சைக்கிளை வைத்துத்தான் சமாளித்தோம். அதன் பின் ஸ்பிரிங் நான் உட்கார்ந்தால் அமுங்காது, நீங்கள் உட்கார்ந்தால் எழும்பாது. தொண்ணூறு கிலோவை அது என்ன செய்யும், பாவம்.

அப்போதுதான் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்புகிறார், முன்னும் பின்னும் நிஜமான சஸ்பென்ஷன் வைத்த இரண்டு சைக்கிள்களை விலைக்குக் கொடுக்கிறார் என்று உங்களுக்குத் தகவல் வந்தது. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரைச் சொல்ல வைத்தது உங்கள் பேச்சுதான். சனிக்கிழமை சாயங்காலம் நான் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தபோது, உங்கள் வீட்டு வாசலில் ஒன்று நீலமும் ஒன்று சாம்பலுமாக இரண்டும் நின்றன.

நீலம் பின்னால் ஆறு அங்குலம் அமுங்கி எழும், ஆனால் கனம். சாம்பல் நாலு அங்குலம்தான், ஒரு கையால் தூக்கலாம். ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. ஏறி உட்கார்ந்து இறங்கினால் வண்டி எவ்வளவு அமுங்கியது என்று அந்த வளையம் காட்டும். மொத்த அசைவில் கால் பங்கு அமுங்கினால் எடைக்குச் சரி. நீங்கள் உட்காருவதும், நான் அளப்பதும், நீங்கள் பம்பு அடிப்பதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. அக்கா வந்து பார்த்தாள்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இவ்ளோ நேரம் பாக்கல நீங்க."

"ஒன்ன ஏத்தத்துல ஓட்டிப் பாக்க முடியுமா?" என்றீர்கள். முறத்தால் ஓர் அடி வாங்கினீர்கள்.

ஏற்றம்தான் உங்கள் கணக்கு. "எறக்கத்துல எந்த வண்டியும் போவும் மச்சான். ஏத்தத்துல பாத்து வாங்கு." மறுநாள் காலை நீங்கள் சாம்பலில் ஏறினீர்கள், நான் நீலத்தில். நீலம் ஒவ்வொரு மிதிக்கும் தலையாட்டியது. மிதிக்கிற பலத்தில் பாதியை ஸ்பிரிங்கே தின்றது. நீங்கள் மேட்டின் உச்சியில் மூச்சு வாங்காமல் நின்றீர்கள். "இதான்டா வண்டி" என்று சாம்பலின் சீட்டைத் தட்டினீர்கள். ஆனால் முதல் இறக்கத்துக்கு மாற்றிக்கொண்டோம். நீலத்தில் இறங்கிய உங்கள் முகத்தைக் கீழே பார்த்தேன். முந்திரி வேர்களையெல்லாம் அது விழுங்கிவிட்டிருந்தது. உங்களுக்கும் நீலம்தான் பிடித்தது, மாமா. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அந்த இறக்கத்தில் வேறொன்று தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் சாம்பலின் பின்பக்கம் வழுக்குகிற மாதிரி ஆடியது. மறுபடி மேலே தள்ளிக்கொண்டு வந்ததும் அக்கா போன் செய்தாள். நீங்கள் பத்தடி தள்ளி நின்று பேசினீர்கள். நான் பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். டொக். மறுபடி, டொக். பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் பிரேமோடு சேருகிற இடத்தில் செம்மண்ணைக் கட்டைவிரலால் வழித்தேன். பெயிண்ட்டுக்கு அடியில் நக அளவுக்கு ஒரு மயிர்க்கோடு.

நான் பாலிடெக்னிக்கில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறவன். விரிசல் என்றால் என்ன, அது எவ்வளவு நேரம் தாங்கும், அலுமினியத்தில் அது எப்படி ஓடும் என்று போர்டில் வரைந்து காட்டிச் சம்பளம் வாங்குகிறவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

என் மனசில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். இதைச் சொன்னால் சாம்பல் திரும்பிப் போகும். மிஞ்சுவது நீலம் ஒன்று. அக்கா வீட்டுக்காரர் நீங்கள், பெரியவர் நீங்கள், தேடிப் பிடித்தவரும் நீங்கள். அது உங்களுக்குத்தான். சொல்லாவிட்டால் நீங்கள் ஏற்றத்துக்காகச் சாம்பலை எடுப்பீர்கள், நீலம் எனக்கு. விரிசலைச் சாவகாசமாக நாளைக்குக் கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொள்ளலாம். ஒரே ஒரு இறக்கம்தானே. நீங்கள் போனை வைத்துவிட்டு வருவதற்குள் இவ்வளவையும் கணக்குப் போட்டுவிட்டேன்.

"என்னா மச்சான் பாக்குற?"

"ஒண்ணுமில்ல மாமா. மண்ணு."

மறுபடி வண்டி மாற்றிக்கொண்டு நீங்கள் சாம்பலில் முன்னால் இறங்கினீர்கள். நான் நீலத்தில் பின்னால். முதல் வேரில் உங்கள் தொண்ணூறு கிலோவும் பின்சக்கரத்தில் விழுந்தபோது டொக் என்று எனக்குக் கேட்டது. அடுத்த வேரிலும் கேட்டது. இரண்டு பக்கமும் செம்மண் சுவர், ஒதுங்க இடமில்லை. இப்போது கத்தினால் தப்பான இடத்தில் பிரேக் பிடிப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயந்தது உங்கள் பிரேக்குக்கு அல்ல, "அப்ப மேலயே ஏன் சொல்லல" என்று நீங்கள் கேட்பதற்கு. என்னை அறியாமல் "மாமா" என்றேன்.

ஓடை கொஞ்சம் அகலமாகிற இடத்தில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றித் திரும்பினீர்கள். "கூப்ட்டியா?"

கடவுளே வந்து நிறுத்திக் கொடுத்த இடம் அது. இதற்குக் கீழேதான் செங்குத்து.

"இல்ல மாமா. போங்க."

போனீர்கள். கடைசிப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது டொக் வரவில்லை. மரக்கிளை முறிகிற சத்தம் வந்தது. வண்டி இரண்டாக மடங்கியது, நீங்கள் அதற்கு மேலாகப் பறந்து மணலில் விழுந்தீர்கள். இரண்டடி தள்ளி, வெட்டிப்போட்ட முந்திரிக் கட்டைகள் கூர் கூராக நின்றன. நான் நீலத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டு ஓடினேனாம். பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள்.

முழங்கையும் தாடையும் சிராய்ந்து எழுந்து உட்கார்ந்தீர்கள். உடைந்த ஸ்விங் ஆர்மை இழுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். தேவனாம்பட்டினத்துக் கரையில் உங்கள் அப்பாவின் போட் இன்ஜினைப் பிரித்து வளர்ந்த கை உங்களுடையது. அலுமினியம் முறிந்த இடத்தில் பாதி வெள்ளிபோலப் புதுசு, பாதி அழுக்கேறிய பழசு. விரிசல் முன்பே இருந்தது என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டி முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது. விரிசல் ஓடிய இடத்தில் மட்டும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மண் வழித்துச் சுத்தமாக இருந்தது.

அதையே பார்த்தீர்கள். பிறகு என் கையைப் பார்த்தீர்கள். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அந்த ஸ்விங் ஆர்மை முழுசாகத் துடைத்தீர்கள். என் விரல் பட்ட இடம் எதுவென்று இனி எவனுக்கும் தெரியாத மாதிரி, மெதுவாக, நுனிவரைக்கும் துடைத்தீர்கள். உங்கள் தாடையிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவில்லை.

வீட்டில் அக்கா அழுதுகொண்டே திட்டினாள். "பயப்படாத, மச்சான் பின்னாலயே வந்தான். அவன் பின்னால இருந்தா எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றீர்கள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னீர்கள். பிரெஞ்சுக்காரரிடம் நாங்கள்தான் ஓட்டி உடைத்தோம் என்று சொல்லி உடைந்ததன் விலையையும் நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள். நீலத்தை என் பக்கம் தள்ளி, "இது ஒனக்கு" என்றீர்கள். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதைகூட எனக்கு இல்லாமல் போயிற்று. எடுத்துக்கொண்டேன்.

திட்டியிருக்கலாம் மாமா. ஓர் அறை விட்டிருக்கலாம். நீங்கள் பழையபடி டபுள் ஷாக்கில் வந்தீர்கள், பழையபடி சிரித்தீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வந்தது. போன மார்கழிப் புயலில் தோப்பெல்லாம் விழுந்த பிறகு, பாதையில் கிடந்த மரத்தை இருவரும் அறுத்துக்கொண்டிருந்தபோது, "மாமா, அன்னிக்கி..." என்று தொடங்கினேன்.

"ரம்பத்த நேராப் புடி மச்சான்" என்றீர்கள். பிடித்தேன். அதுதான் கடைசி முயற்சி.

உங்கள் வேலைக்கு அக்கா மனு போட்டிருக்கிறாள். கிடைத்தால் ஆபீஸ் போகவேண்டுமே என்று ஸ்கூட்டி பழகுகிறாள். போன ஞாயிறு மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு என்னை வரச்சொன்னாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, "நீ பின்னாலயே ஓடியா தம்பி. நீ பின்னால இருந்தா ஒண்ணும் ஆவாதுன்னு அவரு சொல்லுவாரு" என்றாள். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னாள். பத்து தடவையாவது கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றிருக்கிறேன். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

"அக்கா, வண்டிய ஆஃப் பண்ணு" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், கட்டைவிரல், நடுவழியில் நீங்கள் திரும்பிக் கேட்டது, துண்டு. அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டாள். பந்து விளையாடுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். போய்விடு என்பாள் என்று காத்திருந்தேன்.

அக்கா வண்டியை ஸ்டார்ட் செய்தாள். "பின்னால வராத. முன்னால நட. என் கண்ணுக்குத் தெரியிற மாதிரி நட."

நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் தட்டுத் தடுமாறி வரும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குப் பிறகு நீங்கள் ஒரு நாள்கூட எனக்கு முன்னால் ஓடையில் இறங்கியதில்லை. "போ மச்சான், நீ மொதல்ல போ" என்பீர்கள். அதை நான் பாசம் என்று நினைத்திருந்தேன், மாமா. பாசமும்தான் இருந்திருக்கும். ஆனால் உங்கள் முதுகை நீங்கள் மறுபடி என்னிடம் கொடுக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறும் அக்கா வரச்சொல்லியிருக்கிறாள். போவேன். முன்னால்தான் நடப்பேன்.