முப்பது நோன்பு

கீழக்கரை
14.4.2024

அன்பு மகள் லாமியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் தம்பி அம்மாரிடம் தொதலும் பணியாரமும் கொடுத்து விட்டிருக்கிறேன். பையின் அடியில் இந்தக் கடிதம். போன் செய்தால் உன் வாப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

பரீட்சை என்று பெருநாளுக்குக்கூட வராமல் ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டாய். போகட்டும். "முப்பது நோன்பும் பிடிச்சுட்டேன்" என்று போனில் சொன்னாயே, அதை உன் வாப்பா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார். பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். மாதத்தில் தொழுகை இல்லாத நாட்களில் நமக்கு நோன்பும் இல்லை என்பது அந்த மனுஷனுக்கு நினைவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது எப்படி வந்தது? நாளை அம்மார் திரும்பும்போது பதில் எழுதிக் கொடு.

உன் உம்மா
ருக்ஸானா

திருச்சி
15.4.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

வ அலைக்கும் சலாம். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

ஜனவரியிலிருந்து எனக்கு மாதவிடாய் வரவில்லை. போன செமஸ்டரில் இரண்டு பேப்பர் போய்விட்டது, அதையும் உங்களிடம் மறைத்தேன். இந்த முறை அதையும் சேர்த்து எட்டு. மூன்று மணி நேரம்தான் தூங்குகிறேன். நோன்பு நாட்களில் விடியுமுன் சஹருக்கு வெறும் டீதான். மெஸ்ஸுக்குப் போனால் வரிசையிலேயே அரைமணி போய்விடும். என் அறையில் பானுப்பிரியாவுக்கும் இப்படித்தான். "பரீட்சை முடிஞ்சா தானா வந்துரும்டி" என்கிறாள்.

டாக்டரிடம் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. வாப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார். நீங்களும் வேறு ஏதாவது நினைத்துவிடாதீர்கள் உம்மா.

உங்கள்
லாமியா

கீழக்கரை
17.4.2024

என் கண்ணு லாமியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் வாப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். "படிச்சது போதும், கூட்டிட்டு வந்துரு" என்றார். "வைத்தியம் பட்டினிக்குத்தான், படிப்புக்கில்ல. அவ பரீட்சை எழுதித்தான் வருவா" என்றேன். நேற்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், நீ எழுது.

தானாக வரும் என்று உட்கார்ந்திருக்காதே. வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட்டுவிட்டு, சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன். ஒரு பெண் டாக்டரை விசாரித்து வைத்திருக்கிறேன். பானுப்பிரியாவையும் கிளம்பியிருக்கச் சொல். அதுவரை மெஸ்ஸில் வரிசையில் நின்று சாப்பிடு.

இன்னொன்று. வேறு ஏதாவது நினைத்துவிடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். நினைத்தேன் மகளே. பெருநாளிலிருந்து உன் கடிதம் வரும்வரை அதை மட்டும்தான் நினைத்தேன். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒருதரம்கூட எனக்குத் தோன்றவில்லை. நேரில் சொல்ல வாய் வராது, அதனால் இதைக் கூரியரில் போடுகிறேன். சனிக்கிழமை என்மேல் கோபமாக இருந்தால் பேசாமலேயே இரு. டாக்டரிடம் மட்டும் என்னோடு வா.

உன் உம்மா
ருக்ஸானா