தூக்கிச் செல்ல முடியாத பெட்டிகள்

இன்று காலை மழை விடவே இல்லை. சுவரெல்லாம் ஈரம் கோத்திருந்தது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு, அது சூடேறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மேலே படிந்த தூசி காய்ந்து ஒரு வாசனை கிளம்பியது. இஸ்திரிப் பெட்டியும் பழைய மரமும் கலந்த மாதிரியான வாசனை. அது வந்தாலே நீ மூக்கைச் சுளித்துக்கொண்டு துடைக்கிற துணியோடு வந்து நிற்பாய். இன்று நீ வரவில்லை. வலது பக்கப் பெட்டியிலிருந்து கரகரப்புதான் வந்தது. ஸ்பீக்கரைச் சுற்றியிருக்கும் ரப்பர் கிழிந்துபோயிருக்கிறது. அன்றைக்கு நாம் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்ட அதே கேள்வி, இப்போது எனக்கு மட்டும்: இருக்கிற காசுக்குள் எதை மாற்றுவது?

உனக்கு நினைவிருக்கும், பச்சைத் தேயிலையின் விலை சரிந்துகொண்டே போன வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சிறு தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இலை வராததால் எங்கள் ஃபாக்டரியில் வாரத்தில் பாதி நாள் இலை காயவைக்கிற ட்ரையருக்கு நெருப்பே மூட்டவில்லை. தொழிலாளர் லைனில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. என் தம்பி திருப்பூரிலிருந்து பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபோன் போட்டு, "அண்ணா, பனியன் கம்பெனியில ஆள் கேக்கறாங்க. ரூம் கூடப் பாத்து வெச்சுட்டேன்" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன்னிடம் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நம் பழைய ஸ்பீக்கர்கள் செத்தன. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு எஸ்டேட் மேனேஜரிடம் நான் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய செட் அது. ஆம்ப்ளிஃபயர், கேசட் டெக், கைக்கு அடக்கமாக இரண்டு ஸ்பீக்கர். வருடக்கணக்காக மூடுபனி குடித்து, உள்ளே காகிதமெல்லாம் ஊறிப் பூஞ்சை பிடித்துவிட்டது. பாடுகிறவர் குரலை உயர்த்தினால் தகரத்தைப் பிறாண்டுகிற மாதிரி சத்தம். நீயோ நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்காருகிறவள். "மெஷின் சத்தத்துக்கு மேல பாட்டு காதுல உழுகோணுமுங்க. இல்லீன்னா என்ற கை ஓடாது" என்றாய். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்ததில் அதற்கென்று தனியாகக் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தாய். ஏதாவது ஒன்றை மாற்றத்தான் அது போதும். எதை என்பதுதான் கேள்வி.

சிடி வந்துவிட்டது, இனி கேசட்டை யார் சீந்துவார்கள், எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு ஒரே பெட்டியாக வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். நியாயமான பேச்சுதான். ஆனால் என் மனதில் ஓடியது வேறு. கைப்பிடி வைத்த சின்ன செட் என்றால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம்.

குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ரேடியோ கடைக்குப் போனோம். கடைக்காரர் நான் கேட்டதையே எடுத்து வைத்தார். சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஓடின. கடையே அதிர்ந்தது. நான் சிரித்துக்கொண்டே உன்னைப் பார்த்தேன். நீ பையிலிருந்து உன் கேசட்டை எடுத்து நீட்டினாய்.

"ஏனுங்கண்ணா, இதப் போடுங்க. அந்த அதிர்ற பட்டனையும் அமத்தி விடுங்க."

போட்டதும் நீ செட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாய். எதிரே வெயிட்டிங் ஷெட்டைப் பார்த்தபடி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாய்.

"மத்தளம் கேக்குதுங்க. பாடற ஆளு எங்கியோ கெணத்துக்குள்ள நிக்கறாரு."

கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். ஆம்ப்ளிஃபயர் நன்றாக ஓடுகிறது, டெக்கும் பரவாயில்லை என்று நான் சொல்லவேண்டியதாயிற்று. "அப்ப அதுல கை வெக்காதீங்க. ஸ்பீக்கர மட்டும் மாத்துங்க, கூட நல்ல ஒயரு" என்றவர், மூலையில் கிடந்த ஒரு சாக்கை விலக்கினார். இடுப்பளவு உயரத்தில் இரண்டு மரப்பெட்டிகள். ஏதோ லாட்ஜிலிருந்து திரும்பி வந்தவையாம். ஒன்றின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல். அதனால் விலை குறைவு. மறுபடியும் அதே பாட்டு. இந்தமுறை நீ முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றபோது உன் கால் மெஷின் மிதிக்கிற மாதிரி மெல்ல அசைந்ததைப் பார்த்துவிட்டேன்.

"அம்மிணி, இத எப்படித் திருப்பூருக்குத் தூக்கிட்டுப் போறது?"

வாய் தவறி வந்துவிட்டது. கடைக்காரர் டக்கென்று பாட்டை நிறுத்தினார்.

நீ திரும்பிப் பார்த்தாய். "திருப்பூருக்கு யாரு போறா?"

"தம்பி கூப்பிடறான்..."

"தெரியுமுங்க. பூத்துக்காரம்மா ரவிக்கை தைக்க என்றகிட்டத்தான வர்றாங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்." பிறகு கடைக்காரர் நிற்பதையும் பொருட்படுத்தாமல் சொன்னாய்: "மலையெறங்கிப் பர்லியார் தாண்டுனாலே சூடு தாங்காம ஸ்வெட்டரக் கழட்டி வீசற ஆளு நீங்க. கீழ காரமடையில பொறந்த நானே இங்க இருக்கறேங்கறேன். என்ற கைக்குன்னு ஒரு வேலை இங்க வந்துதான் கெடச்சுது. இருக்கற ஊட்டுக்குச் சாமான் வாங்கலாமுங்க. போற ஊட்டப் பத்தி, போறப்பப் பேசலாம்."

உன் குரல் உயரவே இல்லை. நான் பெட்டியின் கீறலைத் தடவிக்கொண்டு நின்றேன். "சரி, வாங்கிக்கலாம்" என்றேன்.

காலிச் சாக்குகளோடு திரும்பிக்கொண்டிருந்த இலை லாரியில் ஏற்றினோம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் ஒரு பெட்டிக்குத்தான் எட்டியது. இன்னொன்றின் மேல் உன் சால்வையைப் போர்த்திவிட்டு, நீ நனைந்துகொண்டே வந்தாய். வீட்டில் சுவர் ஈரம் ஏறாமல் செங்கல் அடுக்கி, அதன்மேல் நிறுத்தினோம். நீ மெஷினில் உட்கார்ந்தபடி "இன்னுங்கொஞ்சம் தள்ளுங்க, போதும், இல்ல, திரும்ப இங்க" என்று என்னைப் படுத்திய பாடு! கடைசியில் பாடுகிறவர் சரியாக உன் மெஷினுக்கு எதிரே வந்து நின்றார்.

அடுத்த வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ஃபாக்டரியே படுத்துக் கெடக்குது, உங்க ஊட்டுல கச்சேரியா?" என்று கேட்டார்.

"வேலையில்லாத ஊட்டுல பாட்டும் இருக்கக் கூடாதுங்களா? உள்ள வந்து கேளுங்க" என்றாய். வந்தார். மறுநாள் மனைவியோடு வந்தார்.

பெட்டி வந்த அன்று சாயங்காலமே தம்பிக்கு ஃபோன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிடவில்லை. ஃபாக்டரி ஒரு வருடம் முழுசாக மூடிக் கிடந்தது. கேத்தி பக்கம் கேரட் தோட்டத்தில் மூட்டை தூக்கினேன். நீ தைத்த துணிகளை கோத்தகிரி சந்தைக்குக் கொண்டுபோய் விற்றேன். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு நிறுத்திய நாட்களும் உண்டு. ஒருமுறை நானே அந்தப் பெட்டிகளை விற்றுவிடலாமா என்று கேட்டபோது, "வித்தாலும் ஒரு மாசத்துக்குத்தான் வரும். இருந்தா நான் தெனம் நாலு ரவிக்கை கூடத் தைப்பேன்" என்றாய். சொன்னபடியே தைத்தாய். அந்தத் தையலில்தான் நம் மகள் கோயம்புத்தூரில் காலேஜ் படித்தாள். ஃபாக்டரியும் வேறொருவர் கைக்கு மாறி, ஒருநாள் மறுபடி நெருப்பு மூட்டினார்கள்.

நீ போய் இரண்டாவது மழைக்காலம் இது. கடைசி நாட்களில் மெஷினை மிதிக்கத் தெம்பில்லாமல் கட்டிலில் கிடந்தபோதும், "சத்தத்தக் கொறைக்காதீங்க" என்றுதான் சொன்னாய்.

மகள் மத்தியானம் ஃபோன் செய்தாள். கரகரப்பைச் சொன்னதும், "அப்பா, அதெல்லாம் எடைக்குப் போட்டுருங்க. ஃபோன்ல பாடற மாதிரி சின்னதா ஒண்ணு வாங்கித் தர்றேன். இங்க வந்தீங்கன்னா அதக் கையில எடுத்துட்டு வந்துரலாம்" என்றாள்.

என்னைக் கீழே தன் வீட்டுக்குக் கூட்டிப்போகும் யோசனை அவளுக்கு வெகு நாளாக இருக்கிறது. இதுவரை நான் மழுப்பிக்கொண்டே வந்தேன். இன்று மழுப்பவில்லை.

"நான் அங்க வர்றதா இல்ல கண்ணு. உடம்பு முடியறவரைக்கும் இங்கதான். உனக்கு வருத்தமா இருந்தாச் சொல்லிரு, பேசலாம்."

அவள் அழுவாளோ என்று பயந்தேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப அந்த கேசட் டெக்கையாச்சும் மாத்துங்க. அதுதான் மொதல்ல" என்றாள்.

"டெக்குல ஒண்ணுமில்ல. ரப்பர் மாத்துனாப் போதும்."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கப்பா."

அரைமணி நேரம் சண்டை போட்டோம். உன் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருக்கிறது. சனிக்கிழமை அவள் பஸ் பிடித்து வருகிறாள். இரண்டு பேரும் குன்னூர் போகிறோம். நீ போனபின் இந்த வீட்டில் யாரிடமும் வாய்விட்டு ஒரு முடிவைச் சொன்னதில்லை நான். இன்று சொன்னேன், அம்மிணி. சொல்ல முடிந்தது.