உறை கழற்றிய பூக்கள்

என் செல்லக் கழுதைக்கு,

நாளை முதல்முறையாக உன்னைப் பெற்ற தாயைப் பார்க்கப் போகிறாய். நீலச் சட்டையையே போட்டுக்கொள், அதில்தான் எடுப்பாக இருப்பாய்.

எந்த மகரந்தம் எந்தச் சூலைச் சேர்கிறது என்று துருவித் துருவியே என் காலம் ஓடிவிட்டது. ஆறு வயதில் நீ என் கண்ணாடிக் கூடத்துக்குள் புகுந்து, வேறு மகரந்தம் படாதிருக்கப் பூக்களுக்கு மாட்டியிருந்த காகித உறைகளைக் கழற்றிவிட்டாய்.

"பாவம்மா, மூச்சு முட்டும்ல?" என்றாய்.

தேனீக்களுக்குக் கொண்டாட்டம், என் சோதனை அம்போ. அப்பன் யாரென்று தெரியாத அந்த விதைகளைக் கொட்ட மனம் வராமல் வாசலில் விதைத்தேன். இன்று காலையும் அந்த வம்சம் பூத்திருக்கிறது.

அவரை வீட்டுக்கு அழைத்து வா. ஆடுகிற நாற்காலியைச் சரிசெய்துவிட்டேன்.

அவர் உன்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும். கழுதை என்று மட்டும் கூப்பிட விடாதே. அந்த உரிமை எனக்குத்தான்.

அம்மா