மீன் ஐஸில் போட்ட மஞ்சள் சேலை

வெள்ளிக்கிழமை, இரவு

நாளை மகள் செல்விக்கு வளைகாப்பு. குளிர் நாட்டில் துணிமேல் பனியைக் கொட்டிச் சாயம் ஏற்றுவதைப் போனில் பார்த்து, அப்படி ஒரு சேலை கேட்டாள். பனிக்கு எங்கே போக? இவரைத் தொண்டி மீன் கடைக்கு அனுப்பினேன். "மீன் கடைக்குப் போயி வெறும் ஐஸோட வந்த ஒரே ஆம்பள நீங்கதான்" என்று சிரித்தேன்.

வெள்ளைச் சேலைமேல் ஐஸைப் பரப்பி மஞ்சள்பொடி தூவினேன். உருக உருகப் பூப்பூவாகப் பிடித்தது. ஆனால் ஒரே மீன் வாடை. சோப்புப் போட்டுக் கசக்கினேன். அத்தனையும் ரத்தச் சிவப்பாகிவிட்டது. சுண்ணாம்பு போட்டு ஆரத்தி கரைத்த கை இது. சோப்பும் சிவக்க வைக்கும் என்று தோன்றவில்லையே.

செல்வி பார்த்துவிட்டாள். "போன தடவ கரு கலைஞ்சப்பவும் சேலையில இப்பிடித்தானம்மா பட்டுச்சு. எனக்கு வளைகாப்பே வேணாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன். முந்தானை மஞ்சளாகிவிட்டது. மடியில் வருகிற இடம் மட்டும் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. வீட்டில் வேறு பழம் இல்லை. புளியைக் கரைத்துப் பார்க்கிறேன்.