நீங்கள் விட்டுவிட்ட ஒரு சொல்

மச்சான்,

இன்று பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை ஏசியைக் கழற்றி, வராந்தாவில் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். ஃபில்டரில் ஊறிய தூசியின் வாடை என் வகுப்பு வரைக்கும் வந்தது. வேலை முடிந்து வரும்போது உங்கள் சட்டையில் இருக்கும் வாடை. பாதிப் பாடத்தில் நிறுத்தி, பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். நீங்கள் மவுத்தாகி, என்னை விட்டுப் போய் இரண்டு வருடம் முடியப் போகிறது.

நம் கல்யாணத்தின்போது ஊர் பேசியது என் காதுக்கும் வந்தது. பெண் பி.ஏ. இங்கிலீஷ், மாப்பிள்ளை பத்தாவது பெயில், துபாயில் ஏசி மெக்கானிக். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. நீங்கள் கூச்சப்படவே இல்லை. மூன்றாம் நாளே கேட்டீர்கள்: “நீ படிச்ச புள்ள. எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தா. சூப்பர்வைசர் ஆயிட்டா உன்னையும் அங்கயே கூட்டிக்கிட்டுப் போயிடலாம்.”

நாற்பத்தைந்து நாள் லீவு முடிந்து போனீர்கள். அதன் பிறகு நம் குடித்தனம் போனில்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அழைப்பீர்கள். அந்த வாரம் நீங்களாகப் பேசிப் பார்த்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொல்வீர்கள், நான் திருத்துவேன். “‘ஹி கோ’ இல்லைங்க, ‘ஹி கோஸ்’” என்றால், “ஒத்த ஆளு போறதுக்கு எதுக்கு ஒரு ‘ஸ்’ துணைக்கு?” என்பீர்கள். அந்த நாட்களில்தான் உங்களை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

அந்த ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் உங்கள் தங்கைகள் இருவரும் என் சின்னம்மா மகளும் இருந்தார்கள். கையில் மருதாணி இட்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் என்றைக்கும் இல்லாத சந்தோஷத்தில் இருந்தீர்கள். புதுக் கட்டடத்து ஏசி பிளான்ட்டை எஞ்சினியர் உங்களைக் கூட்டிப்போய்க் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

“பட்டுன்னு இங்கிலீஷ்லயே சொல்லிட்டேன் புள்ள. ‘ஐ ஆம் வெரி அமேசிங் சார்’னு. மனுசன் சிரிச்சுக்கிட்டே தோள்ல தட்டினாரு!”

அசந்துபோனேன் என்று சொல்ல நினைத்து, நானே பெரிய அதிசயம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே விளக்கமும் சொன்னேன். “நாம அசந்து போனா அமேஸ்டுங்க. நம்மள அசர வைக்கிறதுதான் அமேசிங். நீங்க என்ன தாஜ்மகாலா?” அறையே சிரித்தது. உங்கள் சின்னத் தங்கை “அண்ணன் அமேசிங், அண்ணன் அமேசிங்” என்று கை தட்டினாள். அந்தப் பக்கம் ரோட்டில் வண்டிகள் போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டீர்கள்.

அடுத்த வெள்ளி நீங்கள் அழைக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளி அழைத்தபோது, சாப்பிட்டியா, அம்மாவுக்கு மருந்து வாங்கியாச்சா, அங்க மழை உண்டா, அவ்வளவுதான். நானாகப் பாடத்தை எடுத்தால், “வேலை கெடக்கு, அப்பறம் பாக்கலாம்” என்றீர்கள். சில மாதம் கழித்து அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

“நீ சிரிச்சது ஒன்னுமில்ல. உங்கிட்ட மட்டும் பேசுறேன்னு நெனச்சுப் பேசினேன். எல்லாரும்ல கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

வரப்போகிறது என்று நீங்கள் சொல்லியிருந்த சூப்பர்வைசர் இன்டர்வியூ என்ன ஆயிற்று என்றேன். “நமக்கெல்லாம் கெடைக்குமா” என்று முடித்துவிட்டீர்கள்.

பல வருடம் கழித்து ஊரோடு வந்து, முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் ரிப்பேர் கடை போட்டீர்கள். என்னை பி.எட். படிக்க வைத்தீர்கள். அலையாத்திக் காடு பார்க்க வரும் வெளிமாநிலத்துக்காரர்கள் கடையில் நின்று வழி கேட்டால் இங்கிலீஷில் நன்றாகவே பேசுவீர்கள். “வெரி நைஸ் பிளேஸ் சார், சூப்பர் பிளேஸ்.” அந்த ஒரு சொல் மட்டும் வராது. அது வரவேண்டிய இடத்தில் ஒரு நொடி தயங்கி, வேறு சொல்லுக்குத் தாவுவீர்கள். பக்கத்தில் இருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன்.

போன மாதம், துபாயில் உங்களோடு ஒரே அறையில் இருந்த திருவிடைமருதூர்த் தம்பி தன் மனைவியோடு வந்தார். மவுத்துக்கு வர முடியவில்லையே என்று அழுதார். பிறகு, அந்த சூப்பர்வைசர் வேலை தனக்குத்தான் கிடைத்தது என்றார்.

“என்னைத் தயார் பண்ணினதே அண்ணன்தாங்க அண்ணி. ஒரு வாரம் உக்கார வச்சு, ‘எங்க வீட்ல இப்படித்தான் சொன்னாங்க’ன்னு அமேஸ்டு எது, அமேசிங் எதுன்னு சொல்லித் தந்தாரு. தான் தப்பா சொன்னதையும் மறைக்கல. ‘ஒடனே புடிச்சுட்டா பாரு எம் பொண்டாட்டி’ன்னு பெருமையாத்தான் சொல்லுவாரு. நீங்களும் வாங்கண்ணேன்னு கெஞ்சினேன். ‘எனக்கு வாய் தெறக்க மாட்டேங்குதுடா, நீ போயிட்டு வா’ன்னுட்டாரு.”

அவர் மனைவி அங்கே குடும்பமாக இருந்த வருடங்களைப் பற்றிப் பேசினார். சாயங்காலம் எல்லோருமாகக் கடற்கரைக்கு நடப்பார்களாம். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீடும் அந்த நடையும் எனக்கென்று நீங்கள் நினைத்து வைத்திருந்தவை. நமக்குக் கிடைத்ததோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாதம். அவர்கள் போன பிறகு உங்கள் மேல் கோபம் வந்தது. என்னைப் பற்றி அந்த அறை முழுக்கப் பெருமை பேசியவர், என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கக் கூடாதா? கோபம் அன்றைக்கே போய்விட்டது. சத்தம் போட்டுத் தீர்க்க எதிரே நீங்கள் இல்லையே.

வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து இங்கிலீஷில் தப்பாகப் பேசும்போது, மற்றவர்கள் சிரிக்க வாயெடுப்பதற்குள் மேசையைத் தட்டிவிடுகிறேன். அது சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன். பிறகு பக்கத்தில் கூப்பிட்டு, அதன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி திருத்துகிறேன். டீச்சருக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. இதெல்லாம் உங்களை வந்து சேராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளைகூட வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது, மச்சான்.