சரிவுக்கு முன்னால் ஒரு சிவப்புப் புள்ளி

பிப்ரவரி 9

புது லாரிகள் வந்து இறங்கின. டிப்போ முழுக்க வாசலில் கூடிவிட்டது. ஆளாளுக்குக் கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டேன், சாவிகளை எண்ணி வாங்கிப் பூட்டினேன், அவ்வளவுதான்.

ராணுவத்தின் பழைய லாரிகளைக் கழித்துக் கட்டிவிட்டுப் புதியவற்றை ஓட வைப்பது என் வேலை. சீருடை இல்லாத உத்தியோகம். இந்தப் புது லாரிகளுக்காக எத்தனை வருடம் கத்தியிருப்பேன்! அப்போதெல்லாம் "பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா." ஒல்லி செத்த பிறகு ஓடோடி வருகிறது.

ஒல்லி என் வீட்டுக்காரரின் வண்டியில் உதவி டிரைவர். டிசம்பரில் மலைச்சரிவில் இவர் ஓட்டிய பழைய லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. பாறையில் உரசி நிறுத்தினார். பின்னால் இருந்த சிப்பாய்கள் எல்லோரும் பிழைத்தார்கள். பாறைப் பக்கத்து சீட்டில் ஒல்லி உட்கார்ந்திருந்தான்.

டிரைவர் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். வீட்டில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. கேஸ் தீர்ந்ததா, கரண்ட் பில் கட்டியாச்சா, இதுதான் பேச்சு.

பிப்ரவரி 10

மகள் காலேஜுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "அம்மா, உன் மூஞ்சி பிரிட்ஜ் கதவு மாதிரி இருக்கு. திறந்தா உள்ள லைட்டாவது எரியுமா?"

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன்.

பிப்ரவரி 14

பயிற்சி ஆரம்பம். புது லாரியில் கியர் போட வேண்டாம், தானே போட்டுக்கொள்ளும். அதனால் கிளட்ச் இல்லை. காலுக்கு இரண்டே மிதி. எங்கள் டிரைவர்களுக்கு இடது கால் சும்மா இருக்கத் தெரியாது. கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதிக்கிறார்கள், அது பிரேக்கில் விழுகிறது, வண்டி அடித்து நிற்கிறது. மீசை என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர் மிதித்த மிதியில் பயிற்சி கொடுக்க வந்த வாத்தியாருக்கு நெற்றி புடைத்துவிட்டது.

"உங்க இடது காலை வீட்டுல கழட்டி வச்சுட்டு வாங்கய்யா!" என்று கத்தினார். "ரேஷன் அதுக்கும் சேர்த்துத்தான் சார் தர்றாங்க" என்றான் மீசை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் மட்டும் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பயிற்சிக்கு இரண்டு மாதம் கேட்டிருந்தேன். தலைமையகம் பாதியாகக் குறைத்துவிட்டது. மார்ச் நடுவில் கான்வாய் மலைக்குப் போயாக வேண்டுமாம்.

பிப்ரவரி 20

ஒவ்வொரு லாரியிலும் ஒரு பெட்டி. வண்டி எங்கே இருக்கிறது, என்ன வேகம், எங்கே பிரேக் அடித்தது, எல்லாம் என் அறையில் இருக்கும் திரைக்கு வந்துவிடுகிறது. திடீர் பிரேக் என்றால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி. இப்போதைக்குப் பயிற்சிப் பாதை முழுக்க அம்மை போட்ட மாதிரி இருக்கிறது.

கான்வாய்க்கு முன் புள்ளிகள் மறையாத டிரைவருக்கு வண்டி கிடையாது. யாருக்கு, ஏன் மறையவில்லை என்று நான்தான் அறிக்கை எழுத வேண்டும். ஒட்டி ஒட்டிப் போகும் வரிசை அது. ஒருவன் காரணமில்லாமல் நின்றால் பின்னால் வருகிறவன் மேலே ஏறிவிடுவான்.

சாப்பிடும்போது இவர் கேட்டார்: "என் கால் எப்படி?"

"பிரேக்குலயே குடியிருக்கு."

லேசாகச் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு சிரித்தார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பிப்ரவரி 27

மற்றவர்களின் புள்ளிகள் குறைந்துவிட்டன. மீசைக்குக்கூடச் சுத்தமாகிவிட்டது. இவருக்குக் குறையவில்லை.

வாத்தியார் சமாதானம் சொன்னார்: "பழைய டிரைவர் மேடம். சரிவு வந்தா கியரைக் குறைச்சே பழக்கம். அந்த நெனப்புல இடது கால் போயிடுது. போகப் போகச் சரியாகிடும்."

பிப்ரவரி 28

நாள் முழுக்க மழை. துணி காயவில்லை.

மார்ச் 2

வாத்தியார் சொன்னது மனதில் உட்காரவில்லை. இவருடைய புள்ளிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். கியர் பழக்கம் என்றால் திருப்பத்தில் வர வேண்டும், டிப்போ கேட் அருகே வர வேண்டும். அங்கெல்லாம் ஒன்றும் இல்லை. பயிற்சிப் பாதையில் சரிவு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மட்டும். அதுவும் இரட்டைப் புள்ளி. ஒரு மிதி, உடனே இன்னொரு மிதி.

கிளட்ச் நினைப்பு இந்த ஓர் இடத்தில் மட்டும் வருமா?

மார்ச் 3

வண்டியைச் சோதிக்கிறேன் என்று சொல்லி இவர் பக்கத்தில் ஏறினேன். வெளியே பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இடது கால் சீட்டுக்கு அடியில் சமர்த்தாக மடங்கி இருந்தது. கடைசிவரை அசையவில்லை. சரிவுக்கு முன்னால் வலது கால்தான் போய் மிதித்தது. இரண்டு தரம். என் நெற்றி கண்ணாடியில் இடிக்கப் பார்த்தது.

"வலது காலாச்சே" என்றேன்.

வண்டியை ஓரம் கட்டினார். "இருக்கான்னு பார்த்தேன்."

"எது?"

"பிரேக்குதான். வேற எது?"

"புது வண்டிங்க இது. நான் பார்த்து எடுத்தது."

"தெரியும். நாளைக்கு மிதிக்கக் கூடாதுன்னு தினமும்தான் நினைக்கிறேன். அந்த இடம் வந்தா கால் பேச்சைக் கேக்கல."

அவரே மேலும் சொன்னார். "நீ இடது கால்னே எழுதிடு. கிளட்ச் பழக்கம்னு. அதுக்குன்னா இன்னொரு பயிற்சி கொடுத்து வண்டியைக் கொடுப்பாங்க. பயம்னு எழுதினா அதோட போச்சு. ஸ்டியரிங் புடிச்சவனை டயர் அடுக்க உட்கார வச்சுடாத. கெஞ்சிக் கேக்குறேன்."

இந்த மனுஷர் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 4

டிப்போ கமாண்டரை நாங்கள் பெரியவர் என்போம். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். அதுதான் சங்கடம்.

"கிளட்ச் பழக்கம்னே எழுதுங்கம்மா. அதுக்கு நம்மகிட்ட பயிற்சி இருக்கு. பயத்துக்கு ஒண்ணுமே இல்ல, வண்டியை விட்டு இறக்குறதைத் தவிர. டிரைவர் வேற பத்தல. கான்வாய் போய்ட்டு வரட்டும். மலைப் பாதை அவருக்குத் தண்ணி பட்ட பாடு. வந்ததும் பயிற்சிக்கு அனுப்பிடலாம்."

ஆக, நான் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் அவருடைய சீட் அவருக்கு. யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எல்லோரும் எவ்வளவு நல்லவர்கள்!

மார்ச் 5

எழுதவில்லை. அறிக்கையைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கான்வாயில் இவர் வண்டி ஏழாவது. எட்டாவது மீசை, பின்னால் சிப்பாய்களோடு. ஒல்லி செத்த அந்த மலைச்சரிவிலும், இறங்குவதற்குச் சற்று முன்னால், இவர் இரண்டு தரம் மிதிப்பார். மிதிக்காமல் இருக்க அவரால் முடியாது, என் கண்ணால் பார்த்தேனே. மீசையின் பெண்டாட்டி தினமும் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறாள். இன்றைக்கும் வைத்திருந்தாள். கைப்பையை எடுத்துட்டு, "உட்காருக்கா"ன்னா. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உட்கார? உட்கார்ந்தேன். வேற என்ன பண்ண.

அவரும் போகக் கூடாது, அவர் சீட்டும் போகக் கூடாதுன்னா எப்படி முடியும்? ஏன்தான் என்கிட்டயே வருது எல்லாம்? யாராவது ஒருத்தர் அதட்டிச் சொல்லித் தொலைச்சா என்ன?

மார்ச் 6

எழுதிவிட்டேன். கால் பழக்கம் அல்ல என்று எழுதினேன். டிசம்பர் விபத்துக்குப் பிறகு சரிவைக் கண்டால் பயம், இவருக்கு வண்டி கொடுக்க வேண்டாம், மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவ்வளவுதான்.

மார்ச் 7

சாயங்காலம் வந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"நீயா?"

"நான்தான்."

"புருஷன்னுகூடப் பார்க்கல இல்ல?"

"பார்த்தேன்."

மகள் அடுப்படி வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தோசைக்கல் காய்ந்து புகைந்த பிறகுதான் எங்களில் யாரோ ஒருவர் போய் அடுப்பை அணைத்தார்.

மார்ச் 9

இவரை டயர் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். மருத்துவரிடம் போகச் சொன்ன சீட்டு அலமாரி மேல் கிடக்கிறது, தொடவில்லை.

மார்ச் 11

இன்னும் பேசவில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். "அப்பாவுக்குத் துண்டு வேணுமாம்." "அப்பா வெளிய போறாராம்." இன்று அவளுக்கும் பொறுக்கவில்லை. "நான் என்ன தபால் ஆபீஸா? ஒருத்தருக்கொருத்தர் பேசித் தொலைங்க!" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அவர் தலை நிமிரவில்லை. நான் தட்டை எடுத்துக் கழுவினேன். என் பிள்ளை கத்துகிறது, என் மனுஷர் மரமாக உட்கார்ந்திருக்கிறார், நான் தட்டு கழுவுகிறேன். எனக்கு என்ன ஆயிற்று?

மார்ச் 15

காலையில் கான்வாய் கிளம்பியது. மலைப் பாதையை எட்டியபோது நான் திரை முன்னால் இருந்தேன். கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினால் இவர். கையெல்லாம் டயர்க் கரி. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். இந்த அறைக்கு அவர் வந்ததே இல்லை.

முதல் வண்டி சரிவில் இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது.

"ஏழாவது எது?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார்.

காட்டினேன். புது டிரைவர். சரிவை நெருங்கியது. அவர் மூச்சு என் தோளில் பட்டது. வண்டி நிற்காமல், தயங்காமல் இறங்கிப் போனது. புள்ளி எதுவும் வரவில்லை.

கரி விரலைத் திரையில் ஓர் இடத்தில் வைத்தார். "நான்னா இங்க மிதிச்சிருப்பேன்."

அப்போது எட்டாவது வண்டி வந்து அந்த விரலுக்கு அடியில் நுழைந்து மறைந்தது. பட்டென்று விரலை எடுத்தார்.

"மீசை எவ்வளவு கிட்டத்துல வர்றான் பார்த்தியா?" என்றார்.

கடைசி வண்டி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டாக்டரை என்னிக்குப் பார்க்கணும்?"

"எப்ப வேணும்னாலும் போலாம். நாளைக்குக்கூட."

"நீயும் வா. எனக்கு மட்டும் இல்ல, உனக்கும் பார்க்கணும்."

வர்றேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, ஒல்லி செத்தபோது வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. பெரியவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், மெல்லச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.