கோயமுத்தூருக்குப் போகவேண்டிய தீபாவளி மலர்

என் சண்டைக்கார அண்ணனுக்கு,

நீ போயி ஏழு மாசம் ஆகுது. உன் செல்போன் கடையை அண்ணி மூடலை. ரீசார்ஜ், சார்ஜர், கவர்னு அவங்களே நின்னு பாத்துக்கறாங்க. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னமும் அதே இரைச்சல்தான். நான் ஜவுளிக்கடை வேலைக்குப் போறேன், வர்றேன். சாயந்திரம் உன் பழைய காமிக்ஸ்ங்களை ஒண்ணொண்ணா போட்டோ பிடிச்சு நெட்ல போட்டுக்கினு இருக்கேன். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா புக்குங்களை பாப்பா பாத்துக்கும்"னு அண்ணிகிட்ட சொல்லி வெச்சிருந்தியாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?

சொல்லியிருந்தா வாயில அடிச்சிருப்பேன், தெரியும் உனக்கு.

நலம் விசாரிக்க இதை எழுதலை. ஒரு தப்பு பண்ணிட்டேன். அந்த தீபாவளி மலர் விஷயத்துல.

தொண்ணூத்து மூணுல அப்பா நம்ம ரெண்டு பேரையும் துணி எடுக்க விழுப்புரத்துக்குக் கூட்டிக்கினு போனாரே, ஞாபகம் இருக்கா? சட்டை வேணாம், பழசே போதும்னு சொல்லிட்டு, பஸ் ஸ்டாண்டு கடையில தீபாவளி மலர்னு தொங்கிக்கினு இருந்த அந்த குண்டு காமிக்ஸை வாங்கினே. எனக்கும் ஒண்ணு வேணும்னு நான் தரையில உருண்டேன். அப்பா பேஜாராகி ரெண்டு பேர் முதுகுலயும் ஒண்ணொண்ணு வெச்சாரு. திரும்பி வரும்போது விக்கிரவாண்டிகிட்ட பஸ் பஞ்சர். ரோட்டோரமா உக்காந்து முழுக்கதையும் எனக்குப் படிச்சுக் காட்டினே. வில்லன் பேசினா மட்டும் உங்க கணக்கு வாத்தியார் குரலு. எனக்குச் சிரிச்சு சிரிச்சு விக்கலே வந்துடுச்சு. அப்புறம் நீ எத்தனையோ வாங்கினே, எனக்கு புக்குன்னா அது ஒண்ணுதாண்ணா.

ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல, ஒண்ணுக்கு ரெண்டா இருக்கறதை மட்டும் நெட்ல விக்கலாம்னு நீ ஆரம்பிச்சப்போ, பார்சல் கட்டறதைப் பத்தி நமக்கு என்னா தெரியும்? பொட்டிக்குள்ள புக்கு ஆடக்கூடாது, சுத்தி எதையாச்சும் திணிக்கணும்னே. நான்தான் மல்லாட்டை உடைக்கிற மில்லுலேர்ந்து ஒரு சாக்கு தோலை வாங்கிக்கினு வந்தேன். "லேசா இருக்கு, ஓசியில கெடைக்குது, வேற என்னா வேணும்?"னேன். "பூச்சி வரும் பாப்பா, வேணாம்"னு நீ மூஞ்சியைச் சுளிச்சே. நான் கேட்டாத்தானே? உன்னைத் தள்ளி வுட்டுட்டு நானே அமுக்கி அமுக்கித் திணிச்சேன்.

அந்த முதல் பார்சல் போனது கோயமுத்தூர் கனகராஜ் சாருக்கு. அவர் போன் பண்ணினப்போ ஸ்பீக்கர்ல போட்டே. "ஏனுங்க, காமிக்ஸ் கேட்டனுங்க. கடலைக்காய் அனுப்பியிருக்கறீங்களே!" தோலோட தோலா கெடந்த பருப்பெல்லாம் வழியில நசுங்கி, அட்டை பூரா எண்ணெய். நடுப்பக்கத்துல உசுரோட ரெண்டு வண்டு வேற. அது வேற ஒரு புக்கு, ஆனா பாவம், அதையும் எத்தனையோ வருஷமா தேடினாராம். நீ அன்னிக்கே மன்னிப்பு கேட்டு லெட்டர் போட்டே. என்னிக்காச்சும் தீபாவளி மலர் கைமாறினா அது அவருக்குத்தான்னு வாக்கும் குடுத்தேன்னு சொன்னே. லெட்டர்ல வேற என்னா எழுதினேன்னு நான் கேக்கலை. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா கத்துக்கினோம். எங்க கடையில சேலை மடிப்புக்குள்ள வெக்கிற அட்டைங்களை நான் அள்ளிக்கினு வருவேன். நாலு பக்கமும் புக்கை வுட விரல் அகலம் பெருசா வெட்டணும்பே. அப்பத்தான் கீழ வுழுந்தாலும் அடி அட்டைக்கு, புக்கு முனை மடங்காது. ரப்பர் பேண்டு தொடக்கூடாது. பிளாஸ்டிக் உறை வாயில டேப் ஒட்டக்கூடாது, உருவும்போது புக்குல ஒட்டிக்கும். வெளி டேப்போட நுனியைக் கொஞ்சம் மடிச்சு வுடணும், வாங்கறவங்க பிளேடு போடாம பிரிக்கணும். ஒரு புக்குக்கு இத்தனை சீராட்டா, கல்யாணப் பொண்ணைக் கூட இப்படி அனுப்ப மாட்டாங்கன்னு நான் கிண்டல் பண்ணுவேன். நீ சட்டை பண்ணாம அட்டை வெட்டிக்கினு இருப்பே.

இப்ப என் தப்புக்கு வர்றேன்.

போன மாசம் கனகராஜ் சார் போன் பண்ணினாரு. உன்னைப் பத்தி ரொம்ப நேரம் பேசினாரு. அப்புறம் கேட்டாரு. "அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. அந்த தீபாவளி மலர் இருக்குதுங்களா?"

என் மடியிலதாண்ணா இருந்துச்சு. அப்பத்தான் எடுத்து வில்லன் பக்கத்தைப் பாத்துக்கினு இருந்தேன். உன் குரல் இன்னும் ஒட்டிக்கினு இருக்கற ஒரே சாமான் அது. அதைப்போயி நான் எப்படிக் குடுப்பேன்? வாயில வந்ததைச் சொல்லிட்டேன். "கரையான் அரிச்சிடுச்சு சார்."

அவர் கோச்சுக்குவாருன்னு பாத்தேன். திட்டியிருந்தா நானும் நாலு கத்து கத்திட்டு நிம்மதியா இருந்திருப்பேன். "அடடா... சரிங்க அம்மிணி, நீங்க சொன்னாச் சரிங்க"ன்னு வெச்சுட்டாரு.

பத்து நாள் கழிச்சு ஒரு பார்சல் வந்துச்சு. பிரிச்சா, ஈரம் இழுக்கற சின்னச் சின்னப் பொட்டலம், புது பிளாஸ்டிக் உறை, மூடி போட்ட ரெண்டு டப்பா. "மத்த புத்தகத்துல கரையான் ஏறாமப் பார்த்துக்குங்க அம்மிணி. அண்ணன் சேர்த்தது"ன்னு ஒரு துண்டுச் சீட்டு. கூடவே உன் லெட்டரோட ஜெராக்ஸ். அண்ணன் ஞாபகமா இருக்கட்டும்னு வெச்சாராம்.

உன் கோழிக் கிறுக்கலைப் பாத்ததும் மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் படிச்சேன்.

"சார், மல்லாட்டைத் தோலு போட்டது என் முட்டாள்தனம். வேணாம்னு என் தங்கச்சி தலபாடா அடிச்சிக்கிச்சு, நான்தான் கேக்கலை. அதுக்குக் கோவம் வரும், பொய் வராது. இனிமே பார்சல் அதுதான் கட்டும், நம்பி வாங்குங்க. தீபாவளி மலரை நான் இருக்கற வரைக்கும் விக்க மாட்டேன். எனக்கப்புறம் அது உங்களுக்கு. தங்கச்சி குடுத்துடும்."

அடப்பாவி அண்ணா! என்னா வேலை பண்ணி வெச்சிருக்கே நீ? என் தப்பைத் தூக்கி உன் தலையில போட்டுக்கினு, எனக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்திருக்கே. நான் அந்த நல்ல பேரை வெச்சே அந்த மனுஷனை ஏமாத்தியிருக்கேன். நான் சொன்னதை அவர் ஒரு கேள்வி கேக்காம நம்பினது எதனாலன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அந்த ஜெராக்ஸை வெச்சிக்கினு அப்படி அழுதேன், அண்ணி பதறிப்போய் ஓடி வந்தாங்க. அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். "குடுத்துடு பாப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க.

இன்னிக்கு லீவு போட்டேன். கடைசியா ஒருவாட்டி நானே சத்தமா படிச்சேன். வில்லன் குரல் எனக்கு வரலை, நீ பேசற மாதிரி வரவே இல்லை. பரவால்லை. உறையில போட்டு, அட்டை வெட்டி, கட்டி முடிச்சுட்டேன். நீ பாத்தாலும் அதுல ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாது. நாளைக்குக் காலையில கடைக்குப் போறதுக்கு முன்னாடியே அனுப்பிடறேன், இது உன்மேல சத்தியம். எனக்குப் பயம்தாண்ணா. புக்கு போறதுக்கு இல்லை, உள்ள வெச்சிருக்கற சீட்டுக்கு. அவர் படிச்சுட்டு என்னா நெனைச்சாலும் நெனைக்கட்டும். நாலு வரிதான் எழுதியிருக்கேன்:

"சார், புக்கு நல்லாத்தான் இருக்கு. எங்கண்ணன் உங்ககிட்ட ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்காரு, அதுவும் எனக்காக. அன்னிக்கு மல்லாட்டைத் தோலு போட்டது நான். கரையானும் நான்தான்."

உன் கூடப் பொறந்தவ,
பாப்பா